முதற் சம்பளமும் முதற் கையெழுத்தும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் கடைசி விடைத்தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு மண்டபத்தைவிட்டு வெளியே வரும் மாணவனுக்கு அன்று ஒரே எண்ணந்தான்: இனி விடியற்காலையில் எழும்பிப் படிக்க வேண்டியதில்லை. பதின்மூன்று ஆண்டுகளாகப் பள்ளி மணிக்குக் கட்டுப்பட்டிருந்த வாழ்வு அந்த ஒரு பிற்பகலில் அவிழ்ந்துவிடுகின்றது. பெறுபேறு வெளியாகச் சில மாதங்கள் செல்லும். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானோரும் வகுப்புத் தொடங்கும்வரை மேலும் பல மாதங்கள் காத்திருக்க நேரும். தெரிவாகாதோரே பெரும்பான்மையினர், அவர்களுக்கு அந்த இடைக்காலமே வாழ்க்கையின் தொடக்கமாகிவிடுகின்றது.

இந்த இடைக்காலத்திலேதான் இலங்கையின் இளைஞர் பலர் தம் முதற் சம்பளத்தை வாங்குகின்றனர். இதே காலத்திலேதான் தம்மைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் முதற் கையெழுத்தையும் இடுகின்றனர். முதற் சம்பளத்தை எவரும் மறப்பதில்லை. எந்த நாளில், எந்தத் தொகை, அதில் அம்மாவுக்கு என்ன வாங்கியது என்பதெல்லாம் முதுமையிலும் நினைவிருக்கும். முதற் கையெழுத்தை எங்கே இட்டோம் என்று கேட்டாற் பலருக்குச் சொல்லத் தெரியாது. துன்பம் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றது.

முன்னர் இந்நாட்டில் 21 வயது நிரம்பியவரையே சட்டம் பராயமடைந்தவராகக் கொண்டது. 1989ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அவ்வெல்லையை 18 ஆக்கிற்று. ஆகவே உயர்தரப் பரீட்சை எழுதி முடிக்கும் மாணவனும் மாணவியும் ஏறக்குறைய அதே வேளையில் கடன் வாங்கவும், உடன்படிக்கை செய்யவும், பிறருக்குப் பிணை நிற்கவும் தகுதி பெற்றுவிடுகின்றனர். பள்ளிக்கூடம் அவர்களுக்குத் தொடர்வட்டிச் சூத்திரத்தைக் கற்பித்திருக்கும். சம்பளச் சீட்டு ஒன்றையோ கடன் படிவம் ஒன்றையோ கையிற் கொடுத்து வாசிக்கப் பழக்கியிராது.

முதலில் வேண்டியது ஒரு கோவை. சாதாரணமான கடதாசிக் கோவையே போதும். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டையின் பிரதி, பரீட்சைப் பெறுபேறுகள், பாடசாலை விடுகைப் பத்திரம், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவை ஓரிடத்தில் இருக்க வேண்டும். இதனைச் சொல்வது சிறு விடயமாகத் தோன்றலாம். போரினாலும் இடப்பெயர்வினாலும் பத்திரங்களை இழந்து, ஒரு பிறப்புச் சான்றிதழுக்காகக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் நடந்து தேய்ந்த குடும்பங்களுக்கு அது சிறு விடயமன்று என்பது தெரியும்.

இனி வேலை. கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடை, யாழ்ப்பாணத்தில் ஒரு மருந்துக்கடை, ஹட்டனில் ஒரு பல்பொருள் அங்காடி, மட்டக்களப்பில் ஒரு கணக்காளர் அலுவலகம் என எங்காவது ஓரிடத்தில் தெரிந்தவர் ஒருவர் சொல்லி வேலை கிடைக்கின்றது. தெரிந்தவர் மூலம் கிடைத்த வேலையாதலால் நிபந்தனை கேட்க இளைஞனுக்குக் கூச்சம். முதலாளியும் ‘நாளைக்கு வாரும்’ என்பதோடு பேச்சை முடித்துவிடுவார். ஆயினும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இத்தகைய இடங்களுக்கென்றே ஆக்கப்பட்டது. நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்பது அது வகுத்த வேலை நேரம். அதற்கு மேற்பட்டது மேலதிக நேரம். பதவி, சம்பளம், சம்பளம் தரும் முறை முதலிய விவரங்களை எழுத்திற் பெறுவதும் ஊழியருடைய உரிமை. ஆகவே நியமனக் கடிதத்தைக் கேட்பது முதலாளியை நம்பாமையன்று. முதல் நாளிலேயே கேட்கத் தயங்கினால் முதல் மாத முடிவிலாவது கேட்டுப் பெற்று, முன்சொன்ன கோவையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து வருவது ஊழியர் சேமலாப நிதியம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இந்நிதியத்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அது எவ்வாறு இயங்குகின்றதென்பது வேலைக்குச் சேர்ந்து பல வருடம் ஆனவர்களுக்கும் தெளிவாகத் தெரிவதில்லை. தனியார் துறை ஊழியர் ஒருவரின் மாதச் சம்பாத்தியத்தில் நூற்றுக்கு 8 வீதத்தை முதலாளி பிடித்துக்கொள்கின்றார். அதனோடு தம் கையிலிருந்து நூற்றுக்கு 12 வீதத்தைச் சேர்த்து நிதியத்துக்குச் செலுத்துகின்றார். இவை தவிர, 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு மேலும் நூற்றுக்கு 3 வீதம் முதலாளி கட்ட வேண்டும். இந்த 3 வீதத்தில் ஒரு சதமேனும் ஊழியருடைய சம்பளத்திலிருந்து பிடிக்கப்படலாகாது.

மாதம் 40,000 ரூபா சம்பளம் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பங்கு 3,200 ரூபா. முதலாளி சேமலாப நிதியத்துக்குத் தருவது 4,800 ரூபா, நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தருவது 1,200 ரூபா. இப்பொழுது ஒரு முதலாளி வெகு அன்பாக, “தம்பி, நீர் புதுசாய் வந்தனீர், ஈ.பி.எஃப். எண்டு ஒண்டும் பிடிக்காமல் முழுச் சம்பளத்தையும் கையிலை தாறன்” என்கின்றார். தம்பிக்கு மகிழ்ச்சி, 3,200 ரூபா அதிகமாகக் கையில் வருகின்றதல்லவா? அந்த 3,200 ரூபா எப்படியும் தம்பியுடையதே. அதனை முன்கூட்டிக் கையில் வாங்குவதற்காக, தனக்கு வர வேண்டிய வேறு 6,000 ரூபாவை மாதந்தோறும் அவன் விட்டுக்கொடுக்கின்றான். ஓராண்டில் அது 72,000 ரூபா. அன்பு யார் பக்கம் இருந்ததென்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

‘இன்னும் நிரந்தரமாக்கவில்லை’, ‘பயிற்சிக் காலம்’, ‘நாட்சம்பளம்’ என்று சொல்லி இக்கொடுப்பனவைத் தள்ளிப்போடும் வழக்கமும் உண்டு. சட்டம் அந்த வேறுபாட்டைப் பாராட்டுவதில்லை. தற்காலிக ஊழியரும் பயிலுநரும் நாட்கூலி பெறுபவரும் வேலை தொடங்கிய நாள் முதல் இந்நிதியத்துக்கு உரியவர்களே. சம்பளச் சீட்டில் 8 வீதம் பிடித்ததாகக் காட்டி, அதனை நிதியத்துக்குக் கட்டாமல் விடுவது இன்னொரு வகை. இதனை அறிந்துகொள்ளும் வழி ஒன்றுதான்: உறுப்பினர் இலக்கத்தைக் கேட்டுப் பெற்று, கணக்குக் கூற்றினை ஆண்டுதோறும் பார்ப்பது. குறையிருப்பின் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடலாம். இந்நிதி ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் மீளக் கிடைப்பது. பத்தொன்பது வயதினருக்கு அது காணாத் தேசம் போலத் தோன்றுவது இயல்பே. ஆனால் பத்து ஆண்டுகள் பணம் கட்டி, கணக்கில் 3 இலட்சம் ரூபாவுக்குக் குறையாது வைத்திருப்போர் வீட்டுத் தேவைக்கோ குறிப்பிட்ட நோய்ச் சிகிச்சைக்கோ அதில் 30 வீதம் வரை முன்னதாகவே பெற இடமுண்டு. முப்பது வயதில் வீடு கட்ட நினைக்கும்போது அந்தத் தேசம் அருகில் வந்துவிடும்.

முதற் சம்பளம் கைக்கு வந்த அன்று என்ன செய்வது? மேனாட்டுப் பணநூல்கள் சம்பளத்தை மூன்று கூறாகவோ நான்கு கூறாகவோ பிரிக்கச் சொல்லும். அவற்றிற் பல, இளைஞன் தனி அறையில் தனியே வாழ்பவன் என்று எண்ணி எழுதப்பட்டவை. இங்கே முதற் சம்பளத்தைத் தாயின் கையில் வைப்பதும், கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தேவாலயத்துக்கோ ஒரு பங்கு கொடுப்பதும், தங்கைக்கு ஒரு சட்டைத் துணி எடுப்பதும் வழக்கம். அந்த வழக்கத்தை வீண் செலவென்று கூறுவோர் குடும்பத்தை அறியாதவர். சிக்கல் வருவது முதல் மாதத்திலன்று, நாலாம் ஐந்தாம் மாதங்களிலேதான். வீட்டுக்கு இவ்வளவு தருவேன் என்று ஒரு தொகை பேசப்படாமையால், கேட்டபோதெல்லாம் கொடுத்து, மாதம் இருபதாந் திகதியில் நண்பனிடம் கைமாற்று வாங்கும் நிலை வருகின்றது. தொகை சிறிதாயினும் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தால் தாயும் அதற்கேற்பவே வீட்டை நடத்துவாள். வெள்ளவத்தையில் ஒரு கட்டில் வாடகைக்கு எடுத்து, மத்தியானப் பார்சற் சோற்றுக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்து மிஞ்சுவது எவ்வளவு என்பதை வீட்டார் அறிவது எவ்வகையிலும் மானக்கேடன்று.

இங்கே ஒரு விடயத்தை விரித்துச் சொல்ல வேண்டும். தமிழ் வீடுகள் பலவற்றில், பிள்ளையின் உயர்தர வகுப்புக்குரிய தனியார் கல்விநிலையக் கட்டணம் தாயின் கழுத்துச் சங்கிலியிலிருந்தே வந்திருக்கும். சங்கிலி இன்னும் வங்கியில் அடகில் இருக்கின்றது. பிள்ளை உழைக்கத் தொடங்கியதும் வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்குத் திறந்து மாதம் 5,000 ரூபா போடுகின்றான், அம்மாவுக்கும் பெருமை. ஆயினும் சேமிப்புக்கு வங்கி தரும் வட்டியிலும் அடகுக்கு அறவிடும் வட்டியே எப்பொழுதும் கூடியது. ஒரு கையாற் குறைந்த வட்டிக்குச் சேமித்து, மறு கையாற் கூடிய வட்டி கட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதாகும். அடகுத் தவணை பெரும்பாலும் ஓராண்டு. வட்டியேனும் கட்டித் தவணையைப் புதுப்பிக்கத் தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். ஆகவே முதல் ஆண்டின் சேமிப்பு அடகுச் சீட்டை மீட்பதாகவே இருத்தல் தகும். பல அடகு நிலையங்களில் முதலிற் சிறிது சிறிதாகக் கட்டிக் குறைக்கவும் இடமுண்டு; கேட்டுப் பார்க்க வேண்டும். மீட்ட சங்கிலி தாயின் கழுத்துக்குத் திரும்பும் நாளில் வீட்டில் உண்டாகும் மகிழ்ச்சியை எந்த வங்கிப் புத்தகமும் தராது.

அடகு இல்லாத வீட்டில், சம்பளம் வந்த அன்றே ஒரு தொகையை வேறு கணக்குக்கு மாற்றும்படி வங்கிக்கு நிலையான கட்டளை கொடுத்துவிடுவது நல்லது. மாத முடிவில் மிஞ்சுவதைச் சேமிப்போம் என்றிருப்பவருக்கு மிஞ்சுவது அரிது. 1832இல் தொடங்கிய இலங்கைச் சேமிப்பு வங்கியும் 1885இல் தொடங்கிய தபாற்கந்தோர்ச் சேமிப்பு வங்கியும் சிறு தொகைகளைச் சேர்க்கும் ஏழை எளியோருக்கென்றே தோன்றியவை. அவை இணைந்து 1972 முதல் தேசிய சேமிப்பு வங்கியாக இயங்குகின்றன. அங்கே இடப்படும் வைப்புக்கு அரசின் முழு உத்தரவாதம் உண்டு. ஏனைய உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புகளுக்குக் காப்புறுதித் திட்டம் ஒன்று 2010 முதல் நடைமுறையில் உள்ளது. 2021ஆம் ஆண்டில் அதன் எல்லை ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. இந்தப் பாதுகாப்பு உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கே உரியது. கூடிய வட்டி தருவதாகச் சொல்லும் ஒரு நிறுவனத்தின் பெயர் மத்திய வங்கியின் பட்டியலில் உண்டா என்று பாராமல் ஒரு ரூபாவும் கொடுக்கலாகாது. 2008ஆம் ஆண்டில் கவர்ச்சியான வட்டிக்குப் பணம் கொடுத்து ஏமாந்தோருள் ஓய்வூதியத்தை முழுதாக இழந்த ஆசிரியர்களும் இருந்தனர்.

பணத்தை அலுமாரியில் வைத்திருந்தால் ஒருவரும் ஏமாற்ற முடியாதே என்பாரும் உளர். 2022ஆம் ஆண்டு அவர்களுக்கு மறுமொழி சொல்லிற்று. அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 வீதம். முந்திய ஆண்டு 100 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு ஏறக்குறைய 170 ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று. அலுமாரியில் இருந்த தாள் ஒன்றும் குறையவில்லை. அது வாங்கக்கூடிய அரிசிதான் குறைந்தது. அத்தகைய ஆண்டு அடிக்கடி வருவதன்று. இருப்பினும் மூன்று மாதச் செலவுக்குரிய பணத்தை எளிதில் எடுக்கக்கூடிய கணக்கிலும், மேற்பட்டதை வட்டி கூடிய நிலையான வைப்பிலும் வைப்பது பொருந்தும்.

சீட்டைப் பற்றியும் சொல்லாமல் விடலாகாது. அலுவலகத்திலும் அயலிலும் சீட்டு இல்லாத இடமில்லை. 12 பேர் மாதம் 5,000 ரூபா வீதம் கட்டினால் மாதம் ஒருவருக்கு 60,000 ரூபா கிடைக்கும். முதல் மாதத்தில் எடுப்பவர் வட்டியில்லாக் கடன் பெற்றவராவர். கடைசி மாதத்தில் எடுப்பவர் வட்டியில்லாமற் கடன் கொடுத்தவராவர். ஏலச் சீட்டாயின், அவசரக்காரர் 12,000 ரூபா கழிவு கூறி 48,000 ரூபாவுக்கு எடுப்பார். கழிவு என்பது வட்டியே, பெயர்தான் வேறு. சீட்டின் நன்மை அது தரும் கட்டாயம். பத்துப் பேர் முகத்துக்காகவேனும் மாதந்தோறும் பணம் சேரும். அதன் தீமையும் அந்த முகமே. எழுத்தில் ஒன்றும் இல்லாமையால், நடத்துபவர் ஊரைவிட்டுப் போய்விட்டாற் கேட்பதற்கு இடமில்லை. ஒரு மாதச் சம்பளத்துக்கு மேற்பட்ட தொகை வரும் சீட்டில் முதலாண்டு ஊழியர் சேராதிருப்பதே நல்லது.

இனிக் கடன். இளைஞனின் முதற் கடன் பெரும்பாலும் ஒரு மோட்டார் சைக்கிள் அல்லது ஒரு கைத்தொலைபேசி. காட்சியறையில் இருப்பவர், “வருசத்துக்கு 20 வீதந்தான்” என்கின்றார். இந்த 20 என்ற எண் எவ்வாறு கணக்கிடப்படுகின்றது என்பதைக் கேட்போர் மிகச் சிலர். ஒருவர் 1,20,000 ரூபாவை ஓராண்டுக்குப் பெறுகின்றார் என்க. அதில் 20 வீதம் 24,000 ரூபா. இரண்டையும் கூட்டி 12ஆற் பிரித்தால் மாதத் தவணை 12,000 ரூபா. கணக்கு நேராகவே தோன்றுகின்றது. ஆனால் கடன்பட்டவர் அந்த 1,20,000 ரூபாவை ஆண்டு முழுவதும் வைத்திருக்கவில்லை. முதல் மாத முடிவிலேயே 10,000 ரூபா முதலைத் திருப்பிவிட்டார். இரண்டாம் மாதம் அவரிடம் இருப்பது 1,10,000. அடுத்த மாதம் 1,00,000. கடைசி மாதத்தில் இருப்பது வெறும் 10,000. ஆண்டு முழுவதற்கும் சராசரி பார்த்தால் அவர் கையில் இருந்த பிறர் பணம் 65,000 ரூபாவே. அந்த 65,000 ரூபாவுக்கு அவர் கட்டியது 24,000 ரூபா வட்டி. 20 வீதம் என்று சொல்லப்பட்டது உண்மையில் 35 வீதத்துக்குக் குறையாதது. சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது முழுத் தொகைக்கும் மாறாமற் கணக்கிடும் நிலை வட்டி; வங்கிகள் பல கணக்கிடுவது குறைந்துவரும் மீதிக்கு வட்டி. இரண்டையும் ஒரே எண்ணென எண்ணி ஒப்பிட்டவரே ஏமாறுகின்றார்.

இந்தக் கணக்கை எல்லாராலும் கடையில் நின்று போட முடியாது. ஆகவே வீத எண்ணை மறந்துவிட்டு மூன்று தொகைகளைக் கேட்டாற் போதும். இன்று ரொக்கமாகக் கொடுத்தால் விலை என்ன? முற்பணமும் எல்லாத் தவணைகளும் படிவக் கட்டணமும் காப்புறுதியும் சேர்த்து மொத்தமாகக் கட்டுவது எவ்வளவு? இடையில் முழுவதையும் கட்டி முடிக்க நினைத்தால் எவ்வளவு? மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லத் தயங்கும் இடத்தை விட்டு வந்துவிடலாம். மோட்டார் சைக்கிள் வேலைக்குப் போகப் பயன்பட்டுப் பஸ் செலவை மிச்சப்படுத்துமாயின் அக்கடனுக்கு ஒரு நியாயம் உண்டு. சிநேகிதரிடம் இருப்பதால் தனக்கும் வேண்டும் என்பதற்கு நியாயம் குறைவு. இருந்தாலும் பத்தொன்பது வயதில் அந்த ஆசை பிழையென்று எவரும் சொல்லத் துணியார்.

கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாகச் சொல்லும் செயலிகள் வேறு வந்திருக்கின்றன. அவற்றுட் சில, தொலைபேசியிலுள்ள பெயர்ப் பட்டியல் முழுவதையும் எடுத்துக்கொண்டு, தவணை ஒருநாள் தவறினாலும் கடன்பட்டவரின் உறவினருக்கும் அலுவலகத்துக்கும் அறிவித்து மானத்தை வாங்கும் இயல்பின. மானத்தை ஈடாகக் கொள்ளும் கடன் எவ்வளவு கொடியதென்பதைப் போருக்குப் பிந்திய வடக்கும் கிழக்கும் நுண்கடன் மூலம் கண்டறிந்தன. வாராவாரம் வாசலில் வந்து நின்ற வசூல்காரருக்கு அஞ்சி, ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்கிய பெண்கள் பல்லாயிரவர். 2018ஆம் ஆண்டில் அரசு தலையிட்டு நிவாரணத் திட்டம் ஒன்றைக் கொண்டுவர வேண்டிய அளவுக்கு அத்துன்பம் முற்றிற்று.

ஆட்களைச் சேர்த்தாற் பணம் வரும் என்னும் திட்டங்களைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. ஒருவர் ஐவரைச் சேர்க்க வேண்டும், அந்த ஐவர் ஒவ்வொருவரும் ஐவரைச் சேர்க்க வேண்டும் என்று போனால், பத்தாவது படியில் 97,65,625 பேர் வேண்டும். பதினோராவது படிக்கு இலங்கையின் சனத்தொகை போதாது. இத்தகைய திட்டங்களை நடத்துவதும் விளம்பரஞ் செய்வதும் வங்கித்தொழிற் சட்டத்தின்படி குற்றம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதாகக் கூறி முற்பணமும் கடவுச்சீட்டும் கேட்போர் விடயத்திலும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் அவருக்கு உண்டா என்று பணியகத்திடமே கேட்டறிவது முதற் கடமை. வாங்கிய பணத்துக்குப் பற்றுச்சீட்டுத் தராதவர் விமானச்சீட்டுத் தருவாரென்று எதிர்பார்ப்பதெங்ஙனம்?

இவை யாவும் முன்பின் அறியாதவரிடமிருந்து வரும் ஆபத்துகள். முதற் கையெழுத்தைப் பெரும்பாலும் கேட்டு வருபவர் அறியாதவரல்லர். உழைக்கத் தொடங்கி ஆறு மாதமாகின்றது. சம்பளச் சீட்டு இருக்கின்றது. ஒரு ஞாயிறு காலையில் மாமா வீட்டுக்கு வருகின்றார். தேநீர் குடித்து முடித்தபின் சட்டைப் பையிலிருந்து மடித்த படிவம் ஒன்றை எடுக்கின்றார். “தம்பி, ஒரு கையெழுத்துத்தானே. நான் காசா கேக்கிறன்? வங்கிக்காரன் பேருக்கு ஒராள் வேணுமெண்டு நிக்கிறான்.” தம்பி தாயின் முகத்தைப் பார்க்கின்றான். தாய் தன் தமையன் முகத்தைப் பார்க்கின்றாள். பேனா வந்துவிடுகின்றது.

அந்தப் படிவத்தில் என்ன இருக்கின்றது? கடன்பட்டவர் மீது முதலில் வழக்குத் தொடுத்து, அவருடைய சொத்திலிருந்து அறவிட்டு, எஞ்சியதையே பிணையாளரிடம் கேட்க வேண்டும் என்பது உரோம-டச்சுச் சட்டம் பிணையாளருக்கு அளித்த பாதுகாப்பு. அச்சிட்ட பிணைப் படிவங்களில், அப்பாதுகாப்பைத் தாமே துறப்பதாகப் பிணையாளர் கூறும் வாசகம் ஒன்று வழக்கமாக இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில். அதன்கீழ்க் கையெழுத்திட்டவரிடம், மாமாவைக் கேளாமலே முழுத் தொகையையும் கேட்கலாம். மாமா தவணை தவறும்போது தம்பிக்கு வழக்கறிஞர் கடிதம் வரும். அதற்கு முன்பே இன்னொன்று நிகழ்ந்திருக்கும். 1990 முதல் இயங்கிவரும் கடன் தகவற் பணியகத்தில், கடன்பட்டவர் பெயரோடு பிணையாளர் பெயரும் பதியப்படுகின்றது. நான்கு ஆண்டுகள் கழித்துத் தம்பி தன் சொந்தத் தேவைக்கு வங்கிக்குப் போகும்போது, கடமை தவறிய கடன் ஒன்று அவன் பெயரோடு சேர்ந்து அங்கே காத்திருக்கக் கூடும்.

மாமா நல்லவரா கெட்டவரா என்பதைப் பொறுத்ததன்று இது. பெரும்பாலான மாமன்மார் நல்லவர்கள். கடனைக் கட்டவே நினைத்து வாங்குகின்றார்கள். மழை பொய்க்கின்றது, வள்ளம் உடைகின்றது, கடை எரிகின்றது, நோய் வருகின்றது. பிணை என்பது அந்த எதிர்பாராத நாளுக்கென்றே வாங்கப்படுவது. ‘பேருக்கு ஒராள்’ என்பது வங்கியின் எண்ணமன்று.

மறுப்பது எப்படி என்பதே கடினம். இளையவன் மூத்தவர் முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்வது இந்தச் சமூகத்தில் எளிதன்று; அப்படிச் சொல்லும்படி அறிவுரை கூறுவோர் அந்த ஞாயிறு காலையில் அங்கே இருக்கப்போவதில்லை. இதனை முன்கூட்டியே வீட்டிற் பேசி வைப்பதுதான் வழி. உழைக்கத் தொடங்கிய மாதத்திலேயே, பிள்ளை ஐந்து வருடத்துக்கு எவருக்கும் பிணை நிற்பதில்லை என்று தாயும் தகப்பனும் பிள்ளையும் இருந்து முடிவு செய்துவிட்டால், மாமா வரும்போது மறுமொழி சொல்ல வேண்டியவள் தாயாகின்றாள். “அண்ணை, அவன்ரை பேரிலை ஒண்டும் போடுறேல்லை எண்டு நாங்கள் முதலே முடிவெடுத்திட்டம்” என்று அவள் சொல்வதில் எவருக்கும் அவமதிப்பில்லை. மாமாவின் தேவை மெய்யானதாயின், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையை, 5,000 ரூபாவோ 10,000 ரூபாவோ, கையில் கொடுத்துவிடலாம். கொடுத்த பணத்துக்கு அளவு உண்டு; இட்ட கையெழுத்துக்கு அளவில்லை.

இவ்வளவுக்குப் பின்னும் பிணை நின்றே தீர வேண்டிய வேளை வரலாம். தகப்பனாரின் சத்திரசிகிச்சைக்கு அண்ணன் கடன் எடுக்கும்போது தம்பி பேனாவை ஒளித்துவைக்க மாட்டான். அப்பொழுது படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆங்கிலம் தெரிந்த ஒருவரைக் கொண்டு முழுவதும் வாசிப்பித்து, தொகையும் தவணைக் காலமும் நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே கையெழுத்திட வேண்டும். வெற்றிடம் விட்ட படிவத்தில் ஒருபோதும் இடலாகாது. எந்தக் கடனுக்கு, எவ்வளவுக்கு, எதுவரை என்ற மூன்றும் பிணையாளரின் கையிலுள்ள பிரதியிலும் இருக்க வேண்டும். கடன் தகவற் பணியகத்திலிருந்து தன்னைப் பற்றிய அறிக்கையை எவரும் விண்ணப்பித்துப் பெறலாம். ஆண்டுக்கொருமுறை பெற்றுப் பார்ப்பது நன்று. கடன் தீர்ந்த அன்று, பிணை நீங்கியதாக நிறுவனத்திடமிருந்து எழுத்தில் ஒரு கடிதம் வாங்கி, நியமனக் கடிதம் இருக்கின்ற அதே கோவையில் வைத்துக்கொள்ள வேண்டும்.